பெரியப்பாவின் ஆறு மணி

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் வந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஸ்வீடனுக்குப் போன நம் கடைசி பெஞ்சுக்காரி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கும்மிருட்டைப் படம் பிடித்து, "மணி மூணே முக்கால்தான்டி ஆவுது, லைட்டு போட்டாச்சு" என்று எழுதியிருந்தாள். ஆளுக்கொரு அழுகை பொம்மை போட்டீர்கள். ஒருத்தி, "அப்போ சாயங்கால டீயை எப்பக் குடிப்ப?" என்று கவலைப்பட்டிருந்தாள். நான் ஒன்றும் போடவில்லை. எங்கள் பெரியப்பா அந்த ஊரில் பிறந்திருந்தால் அவருடைய கடிகாரம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில், கார்த்திகை மாதம், ஒரு வாரம் நான் பள்ளிக்கு வராமல் இருந்தது நினைவிருக்கிறதா? திரும்பி வந்ததும் மணல்வாரி அம்மை போட்டிருந்தது என்று சொன்னேன். நீங்களும் அதை நம்பி, இரண்டு நாள் என் பக்கத்தில் உட்காராமல் அடுத்த பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தீர்கள். மணல்வாரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் சைக்கிளைப் பூட்டி, சாவியைப் பெரியப்பா இடுப்பில் செருகிக்கொண்டார். இந்த வயதில் அந்தப் பொய்யை இன்னும் சுமந்துகொண்டு திரிவானேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காணையைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் எங்கள் ஊர். விழுப்புரத்திலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே வீட்டில் பெரியப்பாவும் அவர் மகளும் நாங்களும் இருந்தோம். பெரியம்மா சீக்கிரமே போய்விட்டதால் எல்லோருக்கும் என் அம்மாதான் சோறு போட்டாள். கரும்புக்கு எத்தனை மூட்டை உரம், எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது, பிள்ளைகள் எதுவரை படிப்பது, எல்லாம் பெரியப்பா சொல்வதுதான். அப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். பெரியப்பாவின் மகளை நான் அக்கா என்பேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நம் பள்ளியில்தான் படித்தாள், ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அதுக்குப் படிப்பு ஏறல" என்று வீட்டில் சொல்வார்கள். அக்காவும் ஆமாம் என்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வாள்.

அடுத்தது கடிகாரம். ஆள் பாதி உயரம், நாக்கு மாதிரி பெண்டுலம் ஆடும் சுவர்க் கடிகாரம். யாரோ ஏலத்தில் எடுத்து, அவர்களிடமிருந்து பெரியப்பா வாங்கியது. வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்திருந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் போய் மேற்கே பார்த்து நிற்பார். உள்ளே அக்கா முக்காலி மேல் ஏறி, சாவியை முறுக்கிவிட்டு, பெரிய முள்ளில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். பனை வரிசைக்குப் பின்னால் கடைசிச் சிவப்பும் இறங்கியதும் பெரியப்பா ஒரு சத்தம் போடுவார்: "ஆறு!" அக்கா முள்ளை ஆறில் கொண்டுபோய் வைப்பாள். அம்மா விளக்கேற்றுவாள். ஊதுபத்தி வாசனையும் கடிகாரத்துக்குப் போட்ட தேங்காயெண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும். வெள்ளிக்கிழமை என்றால் இன்றும் எனக்கு அந்தக் கலவைதான்.

சூரியன் விழுந்தால் ஆறு. அதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. பகல் முப்பது நாழிகை, இரவு முப்பது நாழிகை, ஆக விடிந்தால் ஆறு, பொழுது சாய்ந்தால் ஆறு. டீக்கடை ரேடியோவில் மணி சொல்வார்களே என்று அப்பா ஒருமுறை மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

"அது டெல்லி டைமுடா. டெல்லில மணி அடிச்சா நம்ம ஊர்ல பொழுது உழுந்துடுமா?" என்றார் பெரியப்பா. "கடியாரம் மனுசன் பண்ணது. பொழுது பொய் சொல்லுமா?"

இதில் வேடிக்கை, அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. நாட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே மணி வைத்திருப்பதால், நம் விழுப்புரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிந்தித்தான். அதைப் பிற்பாடு படித்தபோது பெரியப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிடித்திருக்க முடியாது அவரை.

ஒவ்வொரு வெள்ளியும் கடிகாரம் அவருடைய ஆறுக்கு மூன்று நான்கு நிமிஷம் ஒத்துவராது. ஆடியிலிருந்து கார்த்திகை வரை பின்தங்கும், தை பிறந்து வெயில் ஏற ஏற முந்தும். "மழைக்காலத்துல சோம்பேறி, வெயில் காலத்துல அவசரக்குடுக்கை" என்று திட்டிக்கொண்டே திருத்துவார். கடிகாரம் மட்டுமில்லை, ஊரில் யாருக்குமே நேரம் தெரியவில்லை என்பது அவர் எண்ணம். ஆடியில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு திண்டிவனம் மண்டிக்குப் போகப் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் போனார், பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. கார்த்திகையில் அதே பஸ்ஸுக்காக இருபது நிமிஷம் வெயிலில் நின்றார். "டிரைவர் இஷ்டத்துக்கு ஓட்டிக்கினு திரியறான், பேஜாரு புடிச்ச பஸ்ஸு" என்று வீடு வந்து கத்தினார்.

இந்தக் கடிகாரத்தின் கீழேதான் நான் கோ-கோ விளையாட ஆரம்பித்தேன். ஜூன் மாதம் நம் டீமில் சேர்ந்தது நினைவிருக்குமே. நாலேகாலுக்கு மணி அடிக்கும், அஞ்சேகால் வரை பயிற்சி, அப்புறம் சைக்கிள். நம் விளையாட்டு டீச்சர் விசிலை வாயில் வைத்தால் நிமிஷம் பிசகாது. நான் வீட்டுக்குள் நுழையும்போது பளீரென்று வெயில் இருக்கும், கடிகாரத்தில் அஞ்சரை. பெரியப்பா வருவோர் போவோரிடமெல்லாம், "ஆடிட்டு வந்தாலும் பொழுதோட வந்துடுது பாரு, பொண்ணுன்னா இப்டி இருக்கணும்" என்று சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

ஆவணியில் அஞ்சே முக்கால் ஆயிற்று. புரட்டாசியில் ஆறு. நான் கிளம்பும் நேரம் மாறவில்லை, சைக்கிளும் மாறவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். செயினுக்கு எண்ணெய் போட்டேன். காற்று அடித்தேன். காணையில் வேகவைத்த மல்லாட்டை வாங்க நிற்பதை விட்டேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேய் மாதிரி மிதித்தேன். அப்படியும் ஐப்பசியில் ஆறேகால். வெல்லம் காய்ச்சும் வாசனை சாலையெல்லாம் அடிக்கும், அதைக்கூட மோந்து பார்க்க நேரமில்லாமல் மிதித்தேன் என்றால் பாருங்கள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் வந்தபோது நன்றாக இருட்டி, விளக்கேற்றியாகிவிட்டது. பெரியப்பா கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்தார்.

"மணி இன்னா?"

"ஆறரை பெரியப்பா."

"ஆடி மாசத்துல எத்தினி மணிக்கு வந்த?"

"அஞ்சரைக்கு."

"அதே இஸ்கூலு, அதே சைக்கிளு. அந்த ஒரு மணி நேரம் எங்க போச்சு?"

  எங்கும் நிற்கவில்லை, யாரிடமும் பேசவில்லை என்று அழுதேன். அழுதது இன்னும் தப்பாகப் போயிற்று. "ஒன்னுமில்லாததுக்கு எதுக்கு அழுவுற?" என்றார். சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "வெளக்கு வெச்சப்புறம் வூடு வர்ற பொண்ணுக்குப் படிப்பு வாணாம். அக்காகூட சேந்து மாட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்." அப்பா தரையைப் பார்த்தார். எங்கள் ஊருக்குப் பள்ளி நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிள் போனால் பள்ளி போயிற்று. இரண்டு வாரத்தில் திண்டிவனத்தில் நமக்குப் போட்டி வேறு. அன்று நான் சாப்பிடவில்லை. அக்கா வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு, "எனக்கும் இதே கார்த்திகையிலதான்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் படிப்பு ஏறாமல் போகவில்லை, சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பொழுதுபோன பிறகு வீடு வந்ததால்தான் நிறுத்தினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

திங்கள், செவ்வாய் சாணி அள்ளினேன். புதன்கிழமை வயலுக்குக் கஞ்சி எடுத்துப் போகக் கரும்பாலைச் சங்குக்காகக் காத்திருந்தோம். இரண்டு மணி ஷிப்டுக்கு ஊதும் சங்கு அது. ஊதியபோது எங்கள் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது.

"ஆலைக்காரன் இப்பல்லாம் லேட்டு" என்றாள் அக்கா. "ஆடில ஒன்னு இருவதுக்கே ஊதிடுவான். ஆலையும் லேட்டு, பஸ்ஸும் லேட்டு, நீயும் லேட்டு." சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அது இன்னாடி, எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே ஒரு மணி நேரம் லேட்டு?"

இருவரும் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தோம்.

அப்போதுதான் எனக்குப் பூகோளப் பாடம் ஞாபகம் வந்தது. பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுற்றுகிறது, ஆகவே பகல் பொழுதின் அளவு மாறுகிறது என்று ஐப்பசி மாதத் தேர்வில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன். அந்தச் சாய்வு என் சைக்கிளைப் பூட்டும் என்று யார் கண்டது? அக்காவிடம் பெருமையாக ஒப்பித்தேன். "சாஞ்சிருந்தா இன்னா? நேரா இருந்தா இன்னா?" என்று கேட்டாள். நான் அதே வரியை மறுபடி ஒப்பித்தேன். "எனக்கு அந்தப் பாடம் நடத்தறதுக்குள்ள நிறுத்திட்டாங்க. நீ படிச்சும் பிரயோஜனம் இல்ல" என்றாள்.

நெல் மூட்டை வைத்திருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தோம். சிம்னி விளக்குதான் சூரியன். ஒரு எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சியைச் செருகி, நடுவுக்குக் கொஞ்சம் மேலே குங்குமப் பொட்டு வைத்தோம். அதுதான் நம் ஊர். குச்சியை நேராகப் பிடித்துச் சுற்றினால் பொட்டு பாதி நேரம் வெளிச்சத்தில், பாதி நேரம் இருட்டில் இருந்தது. குச்சியின் தலையை விளக்குப் பக்கம் சாய்த்துச் சுற்றினால் பொட்டு வெளிச்சத்தில் கூடுதல் நேரம் இருந்தது. அது ஆடி. விளக்கின் எதிர்ப்பக்கம் போய், குச்சியின் சாய்வை மாற்றாமல் அப்படியே சுற்றினால் இருட்டில் கூடுதல் நேரம். அது கார்த்திகை. அக்கா பழத்தின் உச்சியில் இன்னொரு பொட்டு வைத்தாள். அது இந்தப் பக்கம் முழுக்க வெளிச்சம், அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. நம் கடைசி பெஞ்சுக்காரி இப்போது அந்த உச்சிப் பொட்டுக்குப் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே வித்தியாசம் ஊருக்கே தெரியும். நம் பொட்டு நடுவை ஒட்டி இருந்ததால் வித்தியாசம் கொஞ்சம்தான். யார் கண்ணிலும் படாத அளவுக்குக் கொஞ்சம், ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தும் அளவுக்கு அதிகம். எலுமிச்சம்பழத்தைப் பாழாக்கியதற்கு அம்மாவிடம் இரண்டு பேரும் வாங்கிக்கட்டிக்கொண்டோம்.

எங்களுக்குப் புரிந்துவிட்டது, பெரியப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது? எலுமிச்சம்பழத்தோடு போனால் தோலை உரித்துவிடுவார். அக்காதான் யோசித்தாள். அதுவரை பெரியப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள், வெள்ளிக்கிழமை அவர் "ஆறு!" என்று சத்தம் போட்டு, முள்ளை வைத்து முடித்ததும், முக்காலி மேல் நின்றபடியே கேட்டாள்.

"அப்பா, காலைல பொழுது ஏறும்போது இது இன்னா மணி காட்டும்?"

"இதுல இன்னா கேள்வி? ஆறு."

"ஒரு வாட்டி பாத்துடலாமாங்க?"

"பாரு. நல்லா பாரு."

வழக்கமாக இருட்டோடு வயலுக்குப் போய்விடுகிற மனிதர். அவர் வாழ்நாளில் சூரியன் உதிக்கும்போது வீட்டுக்குள் இருந்ததே இல்லை. மறுநாள் எங்களுக்காகக் கிழக்கே பார்த்து வாசலில் நின்றார். நல்ல வேளை, மேகம் இல்லை. பொழுது எட்டிப் பார்த்ததும் உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்து மூன்று.

"ராத்திரில தாறுமாறா ஓடிக்கிது" என்றார்.

"ராத்திரில அரை மணி ஓடியிருந்தா, பகல்லயும் அரை மணி ஓடணும் இல்லீங்களா? அப்போ சாயங்காலம் பொழுது போவும்போது ஏழுக்கு மேல காட்டும்" என்றாள் அக்கா.

அன்று பெரியப்பா வயலுக்குப் போகவில்லை. நாங்கள் முள்ளைத் தொட்டுவிடுவோம் என்று கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கேயே கேப்பைக் கூழ் குடித்தார். உரம் பற்றிக் கேட்க வந்த அப்பாவை, "இருடா, வேலையா இருக்கேன்" என்று அனுப்பினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் அப்பாவைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். பொழுது இறங்கியதும் பழக்கத்தில், "ஆறு!" என்று சத்தம் போட்டார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கடிகாரம் தானாகவே சரியாக ஆறு காட்டியது.

பெரியப்பா உள்ளே வந்து பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். ஆறரையிலிருந்து ஆறு, பதினொன்றரை மணி. மறுபடி எண்ணினார்.

"பகல்ல அரை மணி கொறையுதே. எங்க போச்சு?"

"ராத்திரிக்குப் போச்சுப்பா. ஆடில பகலுக்கே திரும்பி வந்துடும்" என்றாள் அக்கா. "நீங்க ரெண்டத்தையும் ஆறுன்னு வெச்சிட்டீங்க. ஆலை, பஸ்ஸு, இவ, யாரும் லேட்டு இல்ல."

அவர் விவசாயி. புரியாமல் இருக்குமா? ஆடியில் அத்தனை பாத்தி நட்ட பெண்கள் கார்த்திகையில் ஏன் குறைவாக நடுகிறார்கள் என்று வருஷா வருஷம் அவர்களைத் திட்டியவர் அவர்தான்.  பிறகு அக்காவைப் பார்த்து, "நீ இஸ்கூல்ல இருந்து நின்னது எந்த மாசம்?" என்று கேட்டார்.

"கார்த்திகைங்க."

"தீபத்துக்கு முன்னயா, பின்னயா?"

"பின்ன. நாலாம் நாள்."

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் எனக்குச் சைக்கிள் கிடைக்கப்போகிறது என்று குதித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பதினாலு வயதில் அவ்வளவுதான் புத்தி. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கு வந்தேன், மணல்வாரிப் பொய்யோடு. திண்டிவனம் போட்டிக்கும் வந்தேன். அன்று மைதான ஓரத்தில் பச்சைத் துண்டோடு ஒருவர், "எட்டு பொண்ணுங்க சும்மா குந்திக்கினு இருக்குதுங்க, ஒன்னு மட்டும் ஓடுது, இன்னா ஆட்டம் இது! ஜல்தி எழுந்து ஓடுங்கம்மா!" என்று கத்தியதற்காக நீங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, அவர்தான் எங்கள் பெரியப்பா. அவர் எனக்குத் தெரிந்தவர் என்று அன்று நான் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றோம். அதற்கு அவர் காரணம் இல்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஜூனில் நாம் பத்தாவதுக்குப் போனபோது, ஒன்பதாவதில் உயரமாக ஒரு பெண் வந்து சேர்ந்தாளே? முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து சின்னப் பெண்களெல்லாம் எழுந்து நின்றார்களே? அதுதான் அக்கா. இன்று வல்லத்தில் இருக்கிறாள், மூட்டு வலியோடு பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். அவளைச் சேர்க்கப் பெரியப்பாவே வந்தார். தலைமையாசிரியை படிவத்தைப் பார்த்துக்கொண்டு, "மூணு வருஷம் படிப்பை ஏன் நிறுத்தினீங்க? காரணம் எழுதணும்" என்றிருக்கிறார். பெரியப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க வூட்டுக் கடியாரம் தப்புங்கம்மா, அத எழுதிக்கங்க" என்றாராம். தலைமையாசிரியை அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடும்பச் சூழ்நிலை என்று எழுதினாராம்.

அடுத்த கார்த்திகையில் ஒரு நாள் பயிற்சி முடிந்து இருவரும் ஒரே சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். காணை வரை நான் மிதித்தேன், அதன் பிறகு அக்கா. வாய்க்கால் பாலத்துக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. பாலத்துக் கட்டையில் டார்ச் லைட்டோடு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா. அக்கா பிரேக்கைப் பிடித்தாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் தோள் விறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"லேட்டாயிடுச்சிங்கப்பா" என்றாள்.

"நீ லேட்டு இல்லம்மா. பொழுதுதான் ஜல்தியா போயிடுச்சு" என்றார். "அன்னிக்கும் நீ லேட்டு இல்ல."

டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அக்கா சைக்கிளில் ஏறாமல், அவர் போன வெளிச்சத்தில் தள்ளிக்கொண்டு நடந்தாள். நானும் இறங்கி நடந்தேன்.  நான்கு வருஷமாக அழாதவள் அந்த ஒரு பர்லாங்கு தூரமும் அழுதுகொண்டே வந்தாள், அவர் திரும்பிப் பார்க்காமலே நடந்தார்.